பதியாத ஆறு செடிகள்

29 ஆகஸ்ட் 2014, வெள்ளி

இன்று மத்தியானம் மேசையில் இருந்தவர்கள்: நான். என் மகன் வில்மார், பேருந்து ஓட்டுகிற சட்டையோடு அப்படியே வந்தான். அவன் மகள் அனலியா, அவள் அம்மா ஸ்பெயினுக்குப் போனதிலிருந்து என்னோடுதான் இருக்கிறாள். பக்கத்து வீட்டு எபெர், ஒரு தட்டுக்குக் கூப்பிட்டால் மூன்று தட்டு சாப்பிடுகிறவன். சுவரில் தார்தோவின் படம். போய்ச் சேர்ந்து பல வருடம் ஆனாலும் புருஷனையும் சேர்த்துத்தான் எண்ணுவேன்.

இருபத்தொன்பதாம் தேதி, அதனால் இங்கே எல்லா வீட்டையும் போல உருளைக்கிழங்கு மாவு உருண்டை, ஞோக்கி. உருளைக்கிழங்கில் ஈரம் அதிகம், மாவு கையோடு ஒட்டியது. ஆனாலும் யாரும் மிச்சம் வைக்கவில்லை.

பேச்சு முழுக்கக் கஞ்சா. புதுச் சட்டப்படி இந்த வாரம் தபால் ஆபீசில் பெயர் பதியத் தொடங்கிவிட்டார்கள். பதிந்தால் வீட்டில் ஆறு செடி வளர்க்கலாம். பின்னால் மருந்துக்கடையிலும் விற்பார்களாம்.

வில்மாருக்குப் பொறுக்கவில்லை. "கவர்மெண்டே கஞ்சா விக்குமாம்! உலகத்துல வேற எந்த நாட்டுக்காவது இந்தப் புத்தி வந்துச்சா?"

எபெர் வாயில் ஞோக்கியோடு சொன்னான்: "ஏன்டா, பெட்ரோல் விக்கிற அதே கவர்மெண்ட் கம்பெனிதானே இத்தனை வருஷமா கரும்புச் சாராயமும் காய்ச்சுச்சு? அதைக் குடிச்சிட்டு உங்கப்பன் என் வாசல்ல நின்னு பாடினப்ப நீ தாளம் போட்டியே."

"அது வேற."

"ஆமா, அது திரவம்."

அனலியா சிரித்துச் சிரித்துத் தண்ணீர் குடித்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "பாட்டி, இனிமே மூலை வீட்டுக்காரன்கிட்ட போய் வாங்க வேணாம். அவன் துப்பாக்கிய மேசை மேல வச்சிட்டுத்தான் விக்கிறான். பதிஞ்சிட்டா ஒருத்தன் கேக்க முடியாது. நாமதான் முதல் நாடு, தெரியுமா?"

"முதல்ல போறவ கால்லதான் முள்ளு ஏறும்" என்றேன். "செடி வச்சிக்கோ. பேரைக் குடுக்காதே."

எழுபத்தாறு வயதில் இதைச் சொன்னால் கிழவி உளறுகிறாள் என்கிறார்கள். எனக்கு எதுவும் மறக்காது, அதுதான் என் வியாதி. ராணுவம் ஆண்ட காலத்தில் நாட்டில் உள்ள ஒவ்வொருத்தருக்கும் ஓர் எழுத்து போட்டார்கள். ஏ என்றால் நல்லவன். பி என்றால் கண் வைக்க வேண்டியவன். சி என்றால் எதற்கும் ஆகாதவன். தார்தோ பள்ளிக்கூட வாத்தியார். ஒரு நாள் காலையில் வாத்தியார்கள் போடுகிற வெள்ளை அங்கியைப் போட்டுக்கொண்டு போனார். மத்தியானம் வேலை போய், அதை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். சி. அவரைப் பற்றி எழுதிக் கொடுத்தவள் அதே பள்ளியில் கணக்கு எழுதிய நிபியா. அந்த வாரமே வந்து காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனார்கள். திரும்பி வந்த தார்தோ அதன்பின் பாடவில்லை. நிபியா இன்னும் இருக்கிறாள், மூன்று தெரு தள்ளி. அன்றிலிருந்து அவளுக்கு ஒரு வணக்கம் சொன்னதில்லை.

"அது அந்தக் காலம், பாட்டி" என்றாள் அனலியா.

அவளும் வாத்தியாரம்மாதான். அதே வெள்ளை அங்கி. எனக்குப் பயம் வராதா?

வீடு என் பெயரில் இருக்கிறது. அவள் இங்கேதான் வசிக்கிறாள் என்று காவல் நிலையத்தில் ஒரு முகவரிக் காகிதம் வாங்க வேண்டுமாம், அதற்கு நான் போய்க் கையெழுத்துப் போட வேண்டுமாம். அவளுக்குக் காலையும் பள்ளி, மாலையும் பள்ளி. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

போகிறேன் என்றேன். எபெர் கேட்க, வில்மார் கேட்க, தார்தோவின் படம் கேட்கச் சொன்னேன்.


7 அக்டோபர், செவ்வாய்

விதை முளைத்துவிட்டது. ஜன்னலில் ஆறு தயிர்க் கிண்ணம்.

காவல் நிலையம் வரை போனேன். அந்த நீலக் கதவைப் புதிதாகப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். நிறம் மட்டும் அதே நீலம். எதிர்ப் பூங்காவில் உட்கார்ந்தேன். ரொட்டிக்கடையில் வாங்கிய உப்பு பன்னைத் தின்றேன். ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்ச் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். நான் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அனலியா கேட்டாள். "கம்ப்யூட்டர் படுத்திருச்சாம்" என்றேன்.

"எப்பவும் இதே கதைதான்" என்று உடனே நம்பினாள். இந்த நாட்டில் பொய் சொல்வது எவ்வளவு சுலபம்.


20 அக்டோபர், திங்கள்

இன்று பூங்கா வரைகூடப் போகவில்லை. "கையெழுத்துப் போடுற அதிகாரி லீவு. எலெக்‌ஷன் முடியட்டும்னு சொன்னாங்க" என்றேன்.

எலெக்‌ஷன் என்றது நானாகச் சேர்த்தது. ஆனால் அதில் நியாயம் இல்லையா? இன்று இருப்பவன் சட்டம் போட்டான். நாளை வருகிறவன் அதே பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு வீடு வீடாக வந்தால்?

நியாயம் இருக்கட்டும். அதை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம் அல்லவா.


26 அக்டோபர், ஞாயிறு

ஓட்டுப் போட்டேன். மேசையில் இருந்த பெண் என் பெயரைப் பட்டியலில் விரலால் தடவித் தடவித் தேடினாள். அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.


2 டிசம்பர், செவ்வாய்

இரண்டாம் சுற்று ஓட்டும் முடிந்தது. பழைய கட்சியே மறுபடி வந்தது. சட்டம் அப்படியேதான் இருக்கும் என்று வானொலியில் சொன்னார்கள். என் சாக்கு தீர்ந்துபோனது. புதிதாக ஒன்று செய்தேன்: மூன்றாவது தடவையும் போனதாகவும், அச்சு முத்திரை வேறு ஆபீசில் இருப்பதாகவும்.

அனலியா பெருமூச்சு விட்டாள். "விடு பாட்டி. நீயும் எத்தனை தடவை நடப்பே, பாவம். ஜனவரியில கோடை லீவுக்கு எல்லாம் மூடியிருக்கும். அறுவடை முடிஞ்சதும் நானே ஒரு நாள் லீவு போட்டு உன்னைக் கூட்டிட்டுப் போறேன்."

என் கால் வலிக்கும் என்று சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்தாள். நடக்காத காலுக்குச் சுடுதண்ணீர்.


11 பிப்ரவரி 2015, புதன்

செடிகள் என் தோளுக்கு மேல் வந்துவிட்டன. அவள் பள்ளி ஆயத்தங்களில் இருக்கிறாள், தண்ணீர் ஊற்றுவது நான்தான். சாயங்காலம் காற்று வீசினால் தெரு முழுக்க வாசனை.

எபெர் சுவருக்கு மேல் தலையை நீட்டினான். "ஒதிலியாக்கா, உங்க வீட்டுக் காத்துல என் கோழி நாள் முழுக்கத் தூங்குது. முட்டை கேட்டா கொட்டாவி விடுது."

"உன் கோழி கிழடு. உன்னை மாதிரி."

சிரித்துவிட்டுக் கேட்டான்: "பொண்ணுக்குக் காகிதம் எல்லாம் வந்துடுச்சில்ல?"

"எப்பவோ வந்தாச்சு" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அவன் என்னைத் திட்டியிருப்பானா? அன்று மேசையில் எல்லோர் முன்னாலும் போகிறேன் என்று சொன்னவள் போகவில்லை என்று அவனுக்குத் தெரிவது பிடிக்கவில்லை. அவ்வளவுதான். வறட்டு கௌரவம்.


21 மார்ச், சனி

 இன்றே எழுதிவிடுகிறேன்.

அறுவடைக்கு இன்னும் ஒரு வாரம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இந்தப் பருவத்தில் பூவோடு நிற்கிற செடிக்குத் திருடன் வருவான், நாங்கள் வசிக்கிற இந்தக் குன்று முழுக்க இதே பேச்சுதான். மத்தியானம் சாப்பிட்டுக் கண் அயர்ந்திருந்தேன். பின்பக்கம் தொட்டி உடைகிற சத்தம். போய்ப் பார்த்தால் தொப்பி போட்ட இரண்டு தடியன்கள். ஒருத்தன் செடியை வேரோடு பிடுங்கிக் கோழியைக் காலைப் பிடித்துத் தூக்குகிற மாதிரி தலைகீழாகப் பிடித்திருந்தான். நான் கத்தினேன். அனலியா துடைப்பத்தோடு ஓடிவந்தாள். இரண்டு செடியோடு சுவர் ஏறிக் குதித்துவிட்டார்கள்.

பின்னாலேயே எபெர், கையில் சுத்தியல். "யாருக்கும் அடி படலையே? பயப்படாதீங்க, போலீசுக்குப் போன் பண்ணிட்டேன், வந்துட்டே இருக்காங்க!"

பெருமையாகச் சொன்னான். அனலியாவின் முகம் வெளுத்தது.

ஒரு பெண் போலீஸ், ஒரு மீசை முளைக்காத போலீஸ். மரியாதையாகத்தான் வந்தார்கள். கால் தடம் பார்த்தார்கள். மிச்சம் நாலு செடியைப் பார்த்து அந்தப் பெண் சொன்னாள்: "பதிவுக் காகிதத்தைக் காட்டுங்க, நம்பரை எழுதிக்கிட்டுக் கிளம்புறோம்."

அனலியா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"காட்டுங்கக்கா, உள்ளேதானே இருக்கும்" என்றான் எபெர்.

நான் தரையைப் பார்த்தேன். உடைந்த தொட்டி ஓட்டைப் பார்த்தேன். அப்போது அவன் என்னைப் பார்த்தான். புரிந்துகொண்டான். வாயை மூடிக்கொண்டான்.

"யாரோட செடி இது?"

"என்னோடது" என்றாள் அனலியா. "பாட்டிக்குச் சம்பந்தம் இல்ல."

வீடு என் பெயரில். தண்ணீர் ஊற்றியவள் நான். காகிதம் இல்லாமல் போனது என்னால். ஒரு சொல், ஒரே ஒரு சொல் போதும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தார்தோவைக் கொண்டுபோன அன்றும் இப்படித்தான் நின்றேன். அன்று எதிரில் துப்பாக்கி இருந்தது. இன்று எதிரில் ஒரு சின்னப் பெண், கையில் பேனா.

அவளே என்னிடம் வருத்தமாகச் சொன்னாள்: "பாட்டிம்மா, அந்தக் காகிதம் மட்டும் இருந்திருந்தா நீங்க திருட்டுக் கொடுத்தவங்க. நான் இப்ப அவனுங்களைத் தேடிட்டு இருப்பேன்."

நாலு செடியையும் கறுப்புப் பையில் கட்டினார்கள். அனலியாவை வண்டியில் ஏற்றினார்கள். திங்களுக்கு என்று இஸ்திரி போட்ட அங்கி நாற்காலி முதுகில் கிடந்தது.


23 மார்ச், திங்கள்

அனலியாவை வீட்டுக்கு விட்டுவிட்டார்கள். நீதிபதி விசாரிப்பார். அதுவரை வகுப்புக்கு வர வேண்டாம் என்று பள்ளியிலிருந்து சொல்லிவிட்டார்கள். குற்றவாளி என்று தீர்ப்பானால் அவள் இனி எந்தப் பள்ளியிலும் நிற்க முடியாது.

இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்டார்களாம், டீச்சருக்குக் காய்ச்சலா என்று.


24 மார்ச், செவ்வாய்

ரொட்டிக்கடை வரிசை. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. முன்னால் நின்ற எங்கள் தெரு மிர்த்தா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அநியாயம்! நம்ம பொண்ணை எவன்டி போலீசுல சொல்லிக் குடுத்தது?"

"என் சுவரை ஒட்டின சுவர் யாருதுன்னு பாத்துக்கோ" என்றேன்.

ரொட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பொய் சொல்லவில்லை. ஒரு சொல்கூடப் பொய் இல்லை.


28 மார்ச், சனி

எபெரின் வாசல் சுவரில் கறுப்புப் பெயிண்டில் ஆளுயரத்துக்கு எழுதியிருக்கிறார்கள்: ஆள்காட்டி.

இந்தக் குன்றில் அதைவிடக் கேவலமான சொல் கிடையாது. திருடன் என்றால் சிரிப்பார்கள். குடிகாரன் என்றால் வீட்டில் கொண்டுபோய் விடுவார்கள்.

அவன் வாளியும் பிரஷும் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தான். போகவில்லை, சாம்பல் நிறமாகப் பரவியது. ஜன்னல் திரை வழியாகப் பார்த்தேன். ஒரு தடவை திரும்பி என் ஜன்னலைப் பார்த்தான். பிறகு மறுபடி தேய்த்தான்.


2 ஏப்ரல், வியாழன்

குண்டு உருட்டி ஆடுகிற போச்சாஸ் கிளப்பில் எபெரின் மரக்குண்டை எடுத்துச் சாக்கடையில் போட்டுவிட்டார்களாம். வில்மார் சந்தோஷமாக வந்து சொன்னான். "நானா இருந்தா அவனையும் சேர்த்துப் போட்டிருப்பேன், அம்மா."

நான் கீரை நறுக்கிக்கொண்டிருந்தேன். நறுக்கிக்கொண்டே இருந்தேன்.

எபெர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். 'வந்தாச்சுன்னு அக்காதான் சொன்னாங்க, அதை நம்பித்தான் கூப்பிட்டேன்.' அவ்வளவுதான். ஏன் சொல்ல மாட்டேன் என்கிறான்?


9 ஏப்ரல், வியாழன்

வக்கீலம்மா பகோலாவின் ஆபீஸ். அனலியாவோடு நானும் போனேன். வக்கீலம்மா கேட்டார்: "ஏன் பதியலை? அதுதான் நீதிபதியோட முதல் கேள்வி."

"முயற்சி பண்ணினோம். பாட்டி மூணு தடவை போனாங்க. ஒரு தடவை கம்ப்யூட்டர் வேலை செய்யலை, ஒரு தடவை அதிகாரி லீவு, அப்புறம் முத்திரை இல்லைன்னாங்க."

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றினார். "நான் போலீஸ் ஸ்டேஷன்ல விசாரிச்சேன், அனலியா. அந்தக் காகிதம் நின்ன இடத்துலயே கொடுப்பாங்களாம். இந்தப் பேர்ல யாரும் வரவே இல்லையாம். இதை நீதிபதிகிட்ட சொல்லாதே. செடி வளர்த்ததைக் கூட மன்னிப்பார். பொய் சொன்னா மன்னிக்க மாட்டார்."

அனலியா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் என் கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடினேன், திறந்து மூடினேன்.

 வீட்டுக்கு வந்து மாத்தே போட்டாள், ஒரே குடுவையில் ஆள் மாற்றி ஆள் குடிக்கிற எங்கள் மூலிகை டீ. தான் குடித்தாள், வெந்நீர் ஊற்றினாள், மறுபடி தானே குடித்தாள். என் பக்கம் நீட்டவில்லை. அவள் பன்னிரண்டு வயதில் மாத்தே பழகிய நாளிலிருந்து அப்படி ஒரு நாள் நடந்ததில்லை.


14 ஏப்ரல், செவ்வாய்

மழை. தோர்த்தா ரொட்டி பொரிக்க மாவு பிசைந்தேன், மழை நாளுக்கு அதுதான். எண்ணெய் காயும்போது அவள் பின்னால் வந்து நின்றாள்.

"அன்னைக்கு எபெர் மாமா ஏன் 'காட்டுங்கக்கா'ன்னு சொன்னாரு?"

முதுகைக் காட்டிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நீலக் கதவு. பூங்கா. மூன்று பொய். எபெரிடம் சொன்ன நாலாவது பொய். முகத்தைப் பார்த்துச் சொல்கிற தைரியம் வரவில்லை. எண்ணெய் புகைந்து கருகியது, அடுப்பை அவள்தான் அணைத்தாள்.

கத்துவாள் என்று நினைத்தேன். குரல் ஒரே மாதிரி இருந்தது. வகுப்பில் பேசுவதும் இப்படித்தானோ.

"பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த ஆறு கிண்ணத்தையும் நானே குப்பையில கொட்டியிருப்பேன். உன் பயம் எனக்குப் புரியாதா? தாத்தா கதை கேட்டு வளர்ந்தவதானே நான்? நீ சொல்லல. என்னைப் பொய்க்காரியா கொண்டு போய் வக்கீல் முன்னாடி உக்கார வச்சே."

பிறகு கேட்டாள்: "எபெர் மாமாவைப் பத்தி ஊர்ல சொன்னது யாரு?"

ரொட்டிக்கடையில் சொன்ன வாக்கியத்தை அப்படியே சொன்னேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அதுவரை அழாதவள் அதற்குத்தான் அழுதாள்.


16 ஏப்ரல், வியாழன்

வில்மார் தொலைபேசியில் கத்தினான். "உனக்கு மூளை கலங்கிப் போச்சா அம்மா? அவ வேலை போனா நீ சோறு போடுவியா?"

போடுவேன் என்று சொல்லக்கூட எனக்கு யோக்கியதை இல்லை.


23 ஏப்ரல், வியாழன்

கோர்ட்டு. நீதிபதியும் பெண்தான், என் மகன் வயது இருக்கும். வக்கீலம்மா என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டார். படிப்பு எவ்வளவு என்று கேட்டார்கள். மூன்றாம் வகுப்பு. தொழில்? மாட்டிறைச்சி ஆலையில் நாக்கு அறுத்தேன், ஆலை மூடும் வரை.

"உங்க பேத்தி பதியறதுக்கு உங்ககிட்ட உதவி கேட்டாங்களா?"

"கேட்டா."

"நீங்க போனீங்களா?"

"கதவு வரைக்கும் போனேன். உள்ளே போகல. போனேன்னு அவகிட்ட பொய் சொன்னேன். அவ சொன்னது அத்தனையும் அவளுக்கு உண்மை. பொய் என்னோடது."

ஏன் என்று கேட்டார். தார்தோவின் எழுத்தைச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த பையன் எழுதுவதை நிறுத்திவிட்டான்.

நீதிபதி மெதுவாகச் சொன்னார்: "அம்மா, இது அந்த மாதிரி பட்டியல் இல்ல. சட்டமே அந்தப் பேர்களை ரகசியமா வைக்கச் சொல்லுது. யாரும் இப்ப பயப்பட வேண்டியதில்ல."

"நல்லது. அதையும் எழுதிக்கச் சொல்லுங்க" என்றேன்.

அனலியா பின் வரிசையில் இருந்தாள். சிரித்தாளா என்று திரும்பிப் பார்த்தேன். இல்லை.

அத்தனை பேர் முன்னால் பொய்க்காரி என்று சொல்லிக்கொண்டு வெளியே வந்தபோது மனசு லேசாகும் என்று நினைத்திருந்தேன். ஆகவில்லை. கழுத்திலிருந்து காது வரை எரிந்தது. வீட்டுக்கு வந்தும் எரிந்தது.


8 மே, வெள்ளி

வழக்கை மூடிவிட்டார்கள். வீட்டு உபயோகத்துக்கு வளர்த்தது, விற்க அல்ல. பதிய நினைத்ததற்குச் சாட்சி இருக்கிறது. அனலியாவின் பெயரில் ஒரு கறையும் இல்லை.

பள்ளிக்கூடம் மட்டும் வேறு. பழைய வகுப்புக்கு வேறு டீச்சர் வந்தாயிற்று. இவளுக்கு ஊரின் மறுகோடியில், வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளி. அங்கேயே ஓர் அறை பார்த்திருக்கிறாள். "தினம் ரெண்டு பஸ் மாறி வர முடியாது பாட்டி" என்றாள். தார்தோ தினமும் மூன்று பஸ் மாறியிருக்கிறார் என்று வாய்வரை வந்தது. முழுங்கிவிட்டேன்.


10 மே, ஞாயிறு

கிளப்புக்குப் போனேன். நான் உள்ளே கால் வைத்தே பல வருடம் ஆகிறது. ஆண்கள் உருட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நின்றபடியே சொன்னேன்: காகிதம் இருக்கிறது என்று எபெரிடம் பொய் சொன்னது நான். அவன் திருடனைப் பிடிக்கத்தான் போலீசைக் கூப்பிட்டான். ஆள்காட்டி என்று உங்களை நினைக்க வைத்ததும் நான்.

 பாரில் இருந்தவன், "உக்காருங்கம்மா, என்ன குடிக்கிறீங்க?" என்றான். இன்னொருத்தன், "அப்ப நம்ம ஆள்காட்டியை நாளைக்கு வரச் சொல்லுங்கடா, ஒரு ஆள் குறையுது" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. பிரியமாகத்தான் சிரித்தார்கள்.

அதுதான் பெயர் இனி. அறுபத்தெட்டு வயதில் அவனுக்குப் பட்டப்பெயர் வைத்துவிட்டேன். இந்தக் குன்றில் பட்டப்பெயர் கல்லறைக்கும் கூட வரும்.

திரும்பும் வழியில் அவன் வாசலில் நின்றேன். தலையைக் குனிந்துகொண்டே கேட்டேன்: "ஏன்டா நீ சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

கோழிக்கு மக்காச்சோளம் போட்டுக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"சொல்லியிருந்தா நெஜமாவே ஆள்காட்டி ஆயிருப்பேனே, அக்கா."


20 மே, புதன்

இன்று மௌன ஊர்வலம், ராணுவக் காலத்தில் காணாமல் போனவர்களுக்காக. ஒரு வருடம்கூட விட்டதில்லை. இந்த வருடம் போகவில்லை. என்ன முகத்தை வைத்துக்கொண்டு நடப்பது?


14 ஜூன், ஞாயிறு

அனலியா போனில் பேசினாள். புது அறை நன்றாக இருக்கிறது, ஜன்னலில் வெயில் வருகிறது. தபால் ஆபீஸ் போய்ப் பதிந்துவிட்டாளாம். வீட்டு ஓனர் கூடவே வந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாராம், யாரோ ஒரு சலூன்காரர். வசந்தத்தில் விதை போடுவாள்.

"உன் கை எப்படி இருக்கு? குளிருக்குக் கையுறை போடுறியா?" என்று கேட்டாள். பிறகு, நான் ஒன்றும் கேட்காமலே சொன்னாள்: "நான் கோபமா இல்ல பாட்டி. அது நீ இல்ல. அவங்க உனக்குள்ள போட்டுட்டுப் போன பயம் அது."

நீதிபதியும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார். வக்கீலம்மாவும் சொன்னார். வில்மார்கூடப் போன ஞாயிற்றுக்கிழமை ஏதோ முனகினான், அந்தக் காலம் அப்படி என்று. எல்லோரும் சேர்ந்து என் குற்றத்தைத் தூக்கிச் சிப்பாய்களின் தலையில் வைத்துவிட்டார்கள். வைக்கட்டும், அவன்கள் தலை தாங்கும். நீலக் கதவுக்கு முன்னால் என் காலைப் பிடித்தது அந்தப் பயம்தான். செடி யாருடையது என்று கேட்டபோது நாக்கைப் பிடித்ததும் அதுவே என்று வைத்துக்கொள்கிறேன்.

ஆனால் ரொட்டிக்கடை வரிசையில் ஒரு சிப்பாயும் நிற்கவில்லை. நல்ல வெயில். கையில் சூடான ரொட்டி. மிர்த்தா சும்மாதான் கேட்டாள். யாரும் என்னை மிரட்டவில்லை, அடிக்கவில்லை, பெயரைச் சொல் என்று கட்டாயப்படுத்தவில்லை. நல்ல சுயநினைவோடு, மனசாரத்தான் எபெரின் சுவரைக் காட்டினேன்.

காட்டியவள் பெயர் ஒதிலியா பெர்தோமோ. அவளை நான் மன்னிக்க மாட்டேன்.